இடக்கை முடிச்சு

தோமிகோ அக்காவின் வயலை ஊரே வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. காட்டுப்பன்றி புரண்ட இடம் நடு வயலில் பாய் விரித்ததுபோலக் கிடந்தது.

அறுப்புக்கு இன்னும் ஒன்பது நாள்தான்.

பன்றி புரண்ட வயலில் மிச்சம் நிற்கிற கதிரையும் யாரும் அறுக்க மாட்டார்கள். வாடை நெல்லில் ஏறிவிடும், சோறாக வடித்தாலும் போகாது. ஒரு வருஷப் பாடு அப்படியே வீண்.

தோமிகோ அக்கா அழவில்லை. கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"மலைப்பக்கத்து மின்வேலிக் கதவு தொறந்து கெடக்கு. கொக்கியே மாட்டல. எந்தப் புண்ணியவான் பண்ண வேலை இது?" என்றார் ஊர்த்தலைவர் கென்ஸோ.

நான்தான் அந்தப் புண்ணியவான்.

ஒசாகாவில் பதினாறு வருஷம் அலுவலகத்தில் மாரடித்து, போதுமடா சாமி என்று உதறிவிட்டு மார்ச் மாதம் இந்த ஊருக்கு வந்தேன். காலியாகக் கிடந்த வீடு ஒன்றை எனக்கு ஒரு வருஷத்துக்குக் கொடுத்திருந்தார்கள். அதற்கு மேல் இருக்கலாமா என்பதை அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கூட்டத்தில் சொல்வதாக இருந்தார்கள். கூடாது என்றால் திரும்பிப் போவதற்கு எனக்கு அங்கே ஒரு அறைகூட மிச்சமில்லை.

பக்கத்து வீட்டு ஒகுமுராவுக்கு எழுபத்து மூன்று வயது. கோடை தொடங்கியதிலிருந்து தினமும் காலையில் என் வாசலில் கத்திரிக்காய் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் போய்விடுவார். ஒற்றை ஆளுக்கு நாலு கொத்து. சுட்டேன், வதக்கினேன், உப்பில் ஊறப்போட்டேன். கடைசியில் கத்திரிக்காயைக் கண்டாலே குமட்டியது.

போதும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊருக்குப் புதியவள், சொல்ல வாய் வரவில்லை. வழியில் பார்க்கும்போதெல்லாம், ரொம்ப ருசியாக இருந்தது என்று குனிந்து குனிந்து சொன்னேன்.

குப்பையில் போடவும் வழியில்லை. இந்த ஊர்க் குப்பைப் பையில் உள்ளே இருப்பது அப்படியே தெரியும், வெளியே வீட்டுப் பெயரும் எழுதியிருக்க வேண்டும். அதனால் பொழுது விடிவதற்குள் வேலிக் கதவைத் திறந்து, மலைச்சரிவில் கொட்டிவிட்டு வருவேன். முந்தின நாள் அங்கே நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டது. தலையில் கையை வைத்துக்கொண்டு ஓடிவந்தவளுக்குக் கொக்கி நினைவே இல்லை.

கென்ஸோ சரிவில் ஏறிப் போனார். வரும்போது கையில் ஒரு கத்திரிக்காய்க் கொத்து இருந்தது. வைக்கோல் பிரியால் கட்டியது. நான் அதைப் பிரிக்கக்கூட இல்லை.

முடிச்சு இடப்பக்கமாகத் திரும்பியிருந்தது. ஊரில் இடக்கைக்காரர் ஒகுமுரா ஒருவர்தான். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

அவர் அந்தக் கொத்தை வாங்கி, ஒரு காயைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். வாடக்கூட இல்லாத காய். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

"என் காய்தான். மீந்துபோச்சேன்னு கொட்டப் போனேன். கதவை மறந்துட்டேன்" என்றார்.

இருபது வருஷமாக அந்த வேலியைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான்.

"இவ்வளவு மறதி வந்தப்புறம் எதுக்குண்ணே வேலி வேலை? இனிமே நாங்க பாத்துக்கறோம், விடுங்க" என்றார் கென்ஸோ. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

ஒகுமுரா தொப்பியைக் கழற்றினார். முதலில் தோமிகோ அக்காவின் முன்னால் நின்று, முதுகு வளைய வெகுநேரம் குனிந்திருந்தார். பிறகு வரப்பில் நின்ற ஒவ்வொரு வீட்டாருக்கும் தனித்தனியாகக் குனிந்தார். பரவாயில்லை, பரவாயில்லை என்று ஒவ்வொருவரும் தலையசைத்தார்கள்.

நான் வரிசையில் கடைசி ஆள்.

"ஒசாகாக்காரம்மா, எங்களை நம்பி வந்தவங்க நீங்க. உங்களுக்கும் சங்கடம் குடுத்துட்டேன். மன்னிச்சுக்கங்க."

அவருடைய நரைத்த உச்சந்தலை என் இடுப்பு உயரத்தில் இருந்தது. ஊர் முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பரவாயில்லைங்க. அடுத்த தடவை கொஞ்சம் கவனமா இருங்க" என்றேன்.