நான்கு குறி

டாக்டரைப் பார்ப்பதற்கு முன் ஸ்கேன் கவரைப் பிரிக்காதீர்கள் என்று சொல்லித்தான் கவுண்டரில் கொடுத்தார்கள். பிரித்துவிட்டேன்.

என் டோக்கன் அறுபத்தொன்று. உள்ளே போயிருப்பது இருபத்தெட்டு. அவ்வளவு நேரம் ஒரு கவரை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார என்னால் ஆகாது.

ஜன்னல் பக்கம் திரும்பி, படத்தை வெளிச்சத்தில் பிடித்தேன். பத்தொன்பது வருடமாக என் பிழைப்பே அதுதான். ஆம்பூரில் ஷூ கம்பெனிக்கு வரும் தோலை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்து, உண்ணி கடித்த தடம், முள் கீறல், சூட்டுத் தழும்பு எங்கே இருந்தாலும் வெள்ளிப் பேனாவால் வட்டம் போடுவேன். மூன்று குறி வரை பாஸ். நான்கு ஆனால் ரிஜெக்ட். யார் சிபாரிசும் என்னிடம் செல்லாது.

படத்தில் இருந்தது நான். வெள்ளையில் சாம்பலாக ஒரு பெண் உருவம், கை இரண்டும் தலைக்கு மேலே.

தலை முழுக்கக் கறுப்பு. ஒன்று.

இடுப்புக்கு மேலே இரண்டு பக்கமும் கறுப்பு. இரண்டு, மூன்று.

அடிவயிற்றில் தக்காளி அளவுக்கு, மையைக் கொட்டியது மாதிரி. நான்கு.

மறுபடியும் எண்ணினேன். நான்குதான்.

கழுத்தில் வந்த கட்டியைத்தான் லிம்போமா என்றார்கள், ரத்தத்தைச் சேர்ந்த கேன்சராம். நான்கு ஊசி ஏற்றியிருந்தார்கள். மருந்து கேட்கிறதா என்று பார்க்க நேற்று இந்த ஸ்கேன். ஏதோ ஒரு ஊசியைப் போட்டு, ஒரு மணி நேரம் யாரோடும் பேசாமல் படுத்திருங்கள் என்றார்கள். பேசுவதற்கு அங்கே யார் இருந்தார்கள்?

முதல் ஸ்கேன் படத்தை நான் பார்த்ததே இல்லை. அன்று பயத்தில் கவரோடு டாக்டர் மேஜையில் வைத்துவிட்டேன். இன்று பார்த்ததும் புரிந்துவிட்டது. கழுத்தில் இருந்தது தலைக்கு ஏறிவிட்டது, வயிற்றுக்கும் இறங்கிவிட்டது.

"துணைக்கு யாரும்மா வந்திருக்காங்க?" ஃபைல் வாங்க வந்த நர்ஸ் கேட்டாள்.

"எங்கக்கா. கேன்டீன் போயிருக்காங்க."

ஒவ்வொரு ஊசிக்கும் இதே பதில்தான். ஃபாரத்தில் துணைக்கு வந்தவர் என்ற இடத்தில் பிரிஸ்கில்லா என்று எழுதி, நம்பரையும் போட்டுவிடுவேன். அக்கா இருப்பது திருப்பத்தூரில். எனக்கு நோய் என்பதே அவளுக்குத் தெரியாது. பதினோரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

அம்மாவை எந்தக் கல்லறையில் வைப்பது என்பதில் வந்த சண்டை. நாங்கள் ஆம்பூரில் லுத்தரன் சபை. அக்கா கட்டிக்கொண்டது ஆர்.சி. கத்தோலிக்கக் குடும்பம். அம்மா அவள் வீட்டில் இறந்ததால் அவர்கள் கல்லறையிலேயே வைத்துவிட்டாள். ஆம்பூரில் அப்பா கல்லறைக்குப் பக்கத்தில் இடம் காலியாகக் கிடந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. குழி மூடும் முன்னாலேயே, ஃபாதர் நிற்கிறார் என்றுகூடப் பார்க்காமல், என் சாவுக்குக்கூட நீ வரக்கூடாது என்று கத்திவிட்டேன்.

அவளும் அதே வயிற்றில் பிறந்தவள்தானே. அன்றிலிருந்து வரவில்லை.

நான்காவது குறியைப் பார்த்த பிறகு ரோஷத்தை வைத்து என்ன செய்வது? ஃபாரத்தில் எழுதி எழுதி மனப்பாடமான நம்பரை அழுத்தினேன். எடுத்தாள்.

"அக்கா, கிரேஸி பேசுறேன். வேலூர் ஆஸ்பத்திரியில இருக்கேன். கேன்சர். உடம்பு பூரா பரவிடுச்சு."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"இரு. அங்கியே இரு. வர்றேன்."

பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். சாவை நினைத்து இல்லை. வர்றேன் என்று சொல்லிவிட்டாளே, அதற்கு.

அறுபத்தொன்றைக் கூப்பிட இரண்டு மணி நேரம் ஆனது.

டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பழையதில் கழுத்து, அக்குள், நெஞ்சு எல்லா இடத்திலும் கறுப்புக் கறுப்பாகத் திரண்டு கிடந்தது. புதியதில் அதில் ஒன்றுகூட இல்லை.

நான் விடவில்லை. தலையைத் தொட்டுக் காட்டினேன். அடிவயிற்றைக் காட்டினேன்.

"அது எல்லாருக்கும் இருக்கும்மா. நேத்து போட்டது சர்க்கரை கலந்த ஊசி. மூளை சர்க்கரையைத் தின்னும். மிச்சம் கிட்னி வழியா யூரின் பையில சேரும். என்னைப் படம் எடுத்தாலும் அங்கெல்லாம் கறுப்புதான்." சிரித்தார். "மருந்து நல்லா கேட்குது. மிச்சம் எட்டு ஊசியையும் விடாம போட்டுக்கோங்க. வீட்ல சொல்லுங்க, சந்தோஷப்படுவாங்க."

பத்தொன்பது வருடத்தில் நல்ல தோலை நான் ரிஜெக்ட் செய்தது இதுதான் முதல் தடவை.

வெளியே வந்து உட்கார்ந்ததும் போன் அடித்தது. பின்னால் பஸ் ஹாரன்.

"ஆம்பூர் தாண்டிட்டேன்டி. இட்லி கட்டினு வர்றேன், நீ கண்டதையும் சாப்பிடாதே. டாக்டர் இன்னா சொன்னாரு?"

சாவுக்குக்கூட வராதே என்றவள் நான். நான் சாகப்போகிறேன் என்று நினைத்துத்தான் அவள் கிளம்பியிருக்கிறாள். பயப்பட ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பிவிடுவாளோ, என்னவோ. டாக்டர் சொன்னது வாய் வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"நேர்ல சொல்றேன்க்கா. நீ வா."

நர்ஸ் அந்தப் பக்கமாகப் போனாள். அவள் எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான் கூப்பிட்டுச் சொன்னேன், "எங்கக்கா வந்துனு இருக்காங்க."

படத்தைக் கவருக்குள் போட்டு மூடி, பக்கத்து நாற்காலியில் வைத்து இடம் பிடித்தேன்.