எரியாத விளக்கு

கண்காட்சியில் மற்ற ஸ்டால்களெல்லாம் விளக்குகளை ஜெகஜோதியாக எரியவிட்டு ஆள் பிடித்துக்கொண்டிருக்க, ஜெசிந்தாவின் மேசையில் இருந்த ஒரே விளக்கு எரியவில்லை. பேட்டரி மின்சாரத்தைக் குறைத்து விளக்குக்கு அளவாகக் கொடுக்கும் போர்டு அவள் செய்தது. விளக்குக்கு மின்சாரம் போகும் அதன் முனைகள் இரண்டுக்கும் குறுக்கே ஒரு ஸ்பேனரை வைத்து, காலையிலேயே அவளே ஷார்ட் சர்க்யூட் பண்ணியிருந்தாள். போர்டு டிக்கென்று விழிக்கும். ஸ்பேனர் இன்னும் கிடப்பதைக் கண்டு உடனே அடங்கும். சற்றுப் பொறுத்து மறுபடி விழிக்கும்.

"ஒரு தடவையாவது எரிய விடு ஜெசி, மானம் போகுது. ரிப்பேர் கடைன்னு நெனச்சுட்டுப் போறாங்க," என்றான் கூட்டாளி இன்பராஜ். இருவரும் வேலையை விட்டுவிட்டுத் தொடங்கிய தொழிலுக்கு இன்னும் ஓர் ஆர்டர்கூட வரவில்லை.

"எரியறதைத்தான் எல்லாரும் காட்டுறாங்களே," என்று அவள் கால்மேல் கால் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம், மீன்பிடிப் படகுகளுக்கு லைட் மாட்டிக்கொடுக்கும் பெரியவர் ஒருவர் வந்து நின்றார். உப்புத்தண்ணீர் பட்டு எத்தனையோ போர்டுகள் புகைந்ததைப் பார்த்தவர்.

"கெட்டுப்போச்சாம்மா?"

"தொட்டுப் பாருங்க சார்."

தயங்கி விரலை வைத்தவர் எடுக்கவில்லை. காலையிலிருந்து ஷார்ட்டில் கிடந்து, சூடேறிப் புகைந்திருக்க வேண்டிய போர்டு சில்லென்றிருந்தது.

"இப்ப ஸ்பேனரை எடுங்க."

எடுத்தார். விளக்கு பளிச்சென்று எரிந்துவிடவில்லை. யாருக்காகவும் அவசரப்படாமல், மெல்ல மெல்ல ஏறி, முழு வெளிச்சத்தில் நிலைத்தது. இன்பராஜ் ஆர்டர் எழுதப் பரபரப்பாகப் பேனாவைத் தேடினான். பெரியவர் ஸ்பேனரை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார். விளக்கு அணைந்தது. அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, போர்டு மறுபடி டிக்கென்று விழிப்பதற்காகக் காத்திருந்தார்.