ஐந்து நாள் ஆரோக்கியம்

மனைவி ஒரு கையால் முட்டியில் எண்ணெய் தேய்த்தபடி, மறு கையால் ஃபோனில் கடலோர ரிசார்ட்டுகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க மண் குளியல் இருக்காம். அஞ்சு நாள் போய் உடம்பைத் தேத்திட்டு வரலாமாங்க?"

கணவர் முகம் சுளித்தார். "ஒருத்தர் மேல அப்பின மண்ணை வழிச்சு அடுத்தவர் மேல அப்புவாங்க."

"அப்போ எண்ணெய் மசாஜ்?"

"அது இன்னும் கண்றாவி. உடம்புலேர்ந்து வழியற எண்ணெயை வேர்வை, முடியோட சேர்த்துப் பிடிச்சு, வடிகட்டித் திரும்ப பாட்டில்ல ஊத்துவாங்க."

"சும்மா அளக்காதீங்க."

"பத்து வருஷமா ரிசார்ட் மேனேஜரா இருக்கேன், எனக்குத் தெரியாதா? எங்க இடத்துலயும் இதே கூத்துதான்."

முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

"மாசாமாசம் அங்கேர்ந்து எனக்கு ஓசியில கொண்டு வர்றீங்களே, இந்த எண்ணெய்..."

கணவர் எழுந்துபோய், சோப்பை எடுத்துவந்து நீட்டினார்.