கம்பி இருக்கு

பண்ணையின் சேற்றுத் தடத்தில் நான்கு சக்கர பைக் உறுமிக்கொண்டு ஏறுகிறது. கணவனும் மனைவியும் பிரிவதென்று முடிவான பிறகு, “ஒரு தடவை சேர்ந்து போயிட்டு வாங்களேன்” என்று அவளுடைய அக்கா கெஞ்சி அனுப்பிய வார இறுதி இது. சாய்ந்த வெயில் புல்நுனிகளில் மினுங்குகிறது. கணவன் ஓட்டுகிறான். மனைவி பின்னால் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் சீட்டுக்குப் பின்னிருக்கும் இரும்புக் கம்பியை இறுக்கிப் பிடித்திருக்கிறாள். “பள்ளம் வருது, என்னைப் பிடிச்சுக்கோ.” “பரவாயில்ல, கம்பி இருக்கு.” சக்கரம் பள்ளத்தில் இறங்கி எகிறுகிறது. அவள் சரிந்து அவன் முதுகில் மோதுகிறாள். ஹெல்மெட்டுகள் டொக்கென்று இடிக்கின்றன. அவளுடைய சூடு சட்டையைத் தாண்டி அவனைத் தொடுகிறது. அவன் மூச்சை அடக்கிக்கொள்கிறான். “சாரி” என்கிறாள், பேருந்தில் யார் காலையோ மிதித்துவிட்டவள்போல, உடனே பின்னால் நகர்ந்து. அவன் வேகத்தைக் குறைக்கிறான். அதன்பின் வரும் பள்ளங்களையெல்லாம் பார்த்துப் பார்த்து ஒதுக்கி ஓட்டுகிறான்.