மூலை உடைந்த அப்பம்

அம்மாவின் கடிதத்துக்குள் இருந்த கிறிஸ்துமஸ் அப்பம் மார்ச் மாதம்தான் ஜெனோனின் கைக்கு வந்து சேர்ந்தது. காகிதம்போல மெல்லிய அப்பம். ஒரு மூலையை வீட்டில் உடைத்துத் தின்றுவிட்டு மிச்சத்தை அனுப்பியிருந்தார்கள். போலந்துக்காரர்கள் அதைத் தனியாகத் தின்பதில்லை. எதிரே ஒருவர் இருந்து, அவரும் ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு, ஒருவரையொருவர் வாழ்த்த வேண்டும். ஜெனோனைப் போலவே ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் படையில் தாமாக வந்து சேர்ந்த போலந்துப் பையன்களில் ஒன்பது பேரைப் போன வாரம்தான் அவன் தன் கையாலேயே புதைத்திருந்தான். இப்போது எதிரே இருந்தது அவன் காவல் காக்கும் கைதி, பிடிபட்ட ருஷ்யப் படைச் சிப்பாய் ஒருவன் மட்டும்தான்.

“பிச்சுக்க ஆள் இல்லையாப்பா?” என்றான் கைதி, சுத்தமான போலந்துப் பேச்சில். ருஷ்யாவின் ஆட்சியில் இருந்த போலந்துப் பகுதியிலிருந்து படைக்குப் பிடித்து வரப்பட்டவன் அவன்.

ஜெனோன் துப்பாக்கியை மடியில் சாய்த்துவிட்டு அப்பத்தை நீட்டினான். ருஷ்யாவின் ஜாரை ஒழித்துக்கட்டத்தான் அவன் படையில் சேர்ந்ததே. ஜாரின் சிப்பாயை என்னவென்று வாழ்த்துவது?

“எனக்கு முன்னாடி நீங்க வீடு போய்ச் சேரணும் அண்ணே.”

தான் பிய்த்த துண்டை வாயருகே கொண்டுபோன கைதி, அதை இரண்டாக உடைத்து, ஒரு பாதியை ஜெனோனின் உள்ளங்கையில் திருப்பி வைத்தான்.

“என் தம்பி எல்லை தாண்டிப் போய் உங்க படையிலதான் சேர்ந்தான். பார்த்தா குடுத்துடு.”

ஜெனோன் அதைக் கடிதத்துக்குள் வைத்து மடித்தான். “கட்டாயம் குடுத்துடுறேன்” என்றான். தம்பியின் பெயரை மட்டும் அவன் கேட்கவில்லை. கைதி சற்று நேரம் காத்திருந்தான். பிறகு அவனும் சொல்லவில்லை.