ஒரே தெரு, ஒரே எண்

மருங்காபுரிப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலோடு தரையில் விழுந்து கிடக்கிறது. வரிசை இருமுகிறது, முனகுகிறது. ஒவ்வொரு நோய்க்கும் ஓர் எண் என்று புதிய உத்தரவு. நர்ஸ் லூர்துராணி நோயாளிகளின் சீட்டுகளில் எண் போட்டுக்கொண்டே போகிறாள். வயிற்றுப்போக்குக்கு ஒன்பது. மறுபடி ஒன்பது. மறுபடியும். பேனா நின்றுவிடுகிறது. சீட்டு முகவரியில் எல்லாரும் ஒரே தெரு. எதிரே மயிலம்மாள், மடியில் துவண்ட குழந்தையோடு. "உங்க தெருவுல எந்தக் கெணத்துத் தண்ணிங்க?" "எல்லாருக்கும் கோயில் கெணறுதாங்க." சொல்லிக்கொண்டே அவள் அந்தக் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்த தூக்குச்சட்டியைத் திறந்து குழந்தையின் உலர்ந்த உதட்டில் வைக்கிறாள். லூர்துராணியின் கை மேசையைத் தாண்டிப் பாய்ந்து சட்டியைத் தட்டிவிடுகிறது. தண்ணீர் சீட்டுகள்மேல் கொட்டி மை கலைந்து ஓடுகிறது. "புள்ள தண்ணி கேக்குதும்மா!" "காய்ச்சுன தண்ணி தரேன், இருங்க," என்றபடி லூர்துராணி உள்ளே ஓடுகிறாள். குழந்தை தாகத்தில் அழுகிறது.