முந்தாத வண்டி

"அமுக்குங்கண்ணே! பெடல் தரையில இடிக்கணும். அப்பத்தான் கியர் தானா ஒண்ணு கீழ இறங்கி, வண்டி பாயும்!"

பக்கத்து சீட்டிலிருந்து மெக்கானிக் லட்சுமணன் கத்தினான். டிரைவர் அய்யாசாமியின் வலது கால் பாதி தூரம் போய் நின்றுவிட்டது. கிளட்சே இல்லாத வண்டி என்பதால் இடது கால் அதுபாட்டுக்கு ஓரமாகக் கிடந்தது. முன்னால் ஒரு டி.டி.சி. டவுன் பஸ், கரும்புகையைக் கக்கிக்கொண்டு ரிங் ரோட்டில் ஊர்ந்தது.

"சைடுல ஸ்கூட்டர் வருது தம்பி."

"எங்க வருது? ரோடு காலியாக் கிடக்கு!"

தூதரகத்துக்காகக் கப்பலில் வந்து இறங்கிய நீல நிற வண்டி அது. ஜீப்புக்கு அண்ணன் மாதிரி உயரம், யானை பலம். டெல்லியில் அதற்கு ஜோடி கிடையாது. அப்பேர்ப்பட்ட வண்டி துரையின் டிபன்ஸ் காலனி வீட்டிலிருந்து சாணக்யபுரி தூதரகத்துக்கு தினமும் ஒரு ஓட்டை பஸ்ஸின் பின்னாலேயே போனால் எந்த துரைக்குத்தான் பொறுக்கும்? மூன்று மாதமாக ஆபீசுக்கு லேட். "முந்தப் போனா கியர் தயங்குது சார்" என்று அய்யாசாமி சாதித்துக்கொண்டிருந்தார். துரை நேற்று முடிவாகச் சொல்லிவிட்டார். மெக்கானிக் பார்க்கட்டும்; வண்டியில் கோளாறு இல்லை என்று எழுதிக் கொடுத்தால் அய்யாசாமிக்கு வேலை இல்லை.

"ஆயில் பாத்தாச்சு, கேபிள் பாத்தாச்சு, எல்லாம் சரியா இருக்கு. நீங்க முழுசா அமுக்கினாத்தானே கியர் இறங்கும்? ரெண்டுங்கெட்டானா அமுக்கினா அது என்னதான் பண்ணும், பாவம்!"

அய்யாசாமியின் கண் பஸ்ஸின் பின்பக்கக் கண்ணாடியிலேயே இருந்தது.

லட்சுமணனும் பார்த்தான். கடைசி சீட்டில் ஒரு பெண், இவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சின்னக் கைக்கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பஸ் இந்தக் குலுக்கு குலுக்குது, அதுலயும் மேக்கப்பு பாருங்க!" என்று சிரித்தான்.

மோதி பாக் ஸ்டாப்பில் அவள் இறங்கினாள். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்த கணம் அய்யாசாமியின் கால் தரையைத் தொட்டது. வண்டி ஒரு நொடி யோசித்தது. பிறகு உறுமிக்கொண்டு பாய்ந்த பாய்ச்சலில் லட்சுமணன் சீட்டோடு ஒட்டிக்கொண்டான். பஸ் எங்கோ பின்னால் போய்விட்டது.

"அட! கோளாறு வண்டியில இல்லண்ணே, உங்க கால்லதான்!"

அய்யாசாமி வண்டியை ஓரம் கட்டினார்.

"அப்படியே எழுதிடு தம்பி" என்றார். "அது என் பொண்ணு பொன்னி. பஞ்சாபிப் பையனைக் கட்டிக்கிட்டான்னு, இனிமே என் மூஞ்சியில முழிக்காதேன்னுட்டேன். நாலு வருஷம் ஆச்சு. மூணு மாசத்துக்கு முந்தி இந்த பஸ்ல தற்செயலாப் பாத்தேன். ஆபீஸ் மோதி பாக்ல போல, தினம் இங்கதான் இறங்கறா. நான் பின்னால வர்றது அவளுக்குத் தெரியாது. அந்தப் பின்னலையாவது கொஞ்ச நேரம் பாக்கலாம்னுதான்... முந்திட்டா அவ்வளவுதானே?"

லட்சுமணனுக்குச் சிரிப்பு போய்விட்டது. துரைக்கு எழுதிக் கொடுக்கக் கையில் வைத்திருந்த காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தான்.

"வண்டியைத் திருப்புங்கண்ணே. போய்ப் பேசுங்க."

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பேச?"

"இருக்கிற மூஞ்சியை வச்சுக்கிட்டுத்தான். சலோ!"

வண்டி திரும்பியது. மோதி பாக்கில், சாலைக்கு எதிர்ப்பக்க ஸ்டாப்பிலேயே பொன்னி நின்றிருந்தாள். வந்த வழியே திரும்பிப் போகும் பஸ்ஸுக்கான ஸ்டாப் அது.

"ஆபீஸ் இங்கன்னு சொன்னீங்க?" என்றான் லட்சுமணன் குழப்பத்துடன்.

அய்யாசாமி அதற்குள் இறங்கிவிட்டார். கதவைச் சாத்தக்கூடத் தோன்றவில்லை. நாலு வருஷமாகச் சேர்த்து வைத்த பேச்செல்லாம் எங்கே போனதோ, வாயில் வந்தது இதுதான்:

"ஆபீஸ் போகலையாம்மா?"

பொன்னி தலையை நிமிர்த்தவில்லை. கைக்கண்ணாடியை இறுகப் பற்றியபடி தரையைப் பார்த்துச் சொன்னாள்:

"ஆபீஸ் லஜ்பத் நகர்லப்பா. நான் பஸ் ஏறுற ஸ்டாப்புக்கு எதிர்லயே இருக்கு. மூஞ்சியில முழிக்காதேன்னீங்களே... அதான் தினம் உங்களைக் கண்ணாடியிலயே பாத்துக்கிட்டேன்."